16 வருடம் வார்டில் நின்றவள் டியூட்டர் ஆகப் போனால்

போன மாதம் என்னோடு முன்பு நைட் டியூட்டி பார்த்த ஒரு நர்ஸ் தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, முதுகு வலி தாங்கல, ஷிஃப்டும் போதும்னு ஆயிடுச்சு. மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு நர்சிங் காலேஜ்ல டியூட்டரா போயிடலாம்னு பாக்குறேன். எது சீக்கிரம் முடியும்?" முதுகு வலியைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் இருக்கிறது. அந்தக் கடைசிக் கேள்விதான் உறுத்தியது.

மலேசியாவில், பினாங்கில் 16 வருடம் ஐசியூவில் நர்ஸாக இருந்தேன். போஸ்டிங் வரும் மாணவிகளுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறேன் என்றுதான் நினைப்பு. மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் ரைல்ஸ் டியூப் போட்டதும் சிரிஞ்சால் காற்றை அடி, வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வை, சத்தம் கேட்டால் பால் கொடுக்கலாம் என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை. எனக்கு என் சீனியர் சொன்னது, அவருக்கு அவருடைய சீனியர் சொன்னது. மாஸ்டர்ஸில் ஒரு அசைன்மென்ட்டுக்காக உட்கார்ந்து படித்தபோதுதான் உறைத்தது: குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம், அதை நம்பிப் பால் கொடுக்கவே கூடாது, உறிஞ்சி எடுத்த திரவத்தின் பிஎச் (புளிப்பு அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், சந்தேகம் என்றால் எக்ஸ்ரே. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் போகும் இடிஎஸ் ரயிலில் அதைப் படித்துவிட்டு ஈப்போ தாண்டும்வரை மடிக்கணினியை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (இதை வார்டிலேயே தேடிப் படித்திருக்கலாம்தான். படிக்கவில்லையே.)

இன்னொன்று. நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகச் சொன்னவர் அமெரிக்க நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர். ஐந்தாவது படியில் நிற்பவர் விதிகளை ஒவ்வொன்றாக யோசிப்பதில்லை, பேஷண்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் என்னவோ சரியில்லை என்று பிடித்துவிடுவார். கட்டிலருகே அது வரம். செய்முறை பழகும் ஸ்கில்ஸ் லேபில் 19 வயதுப் பிள்ளை "எப்படித் தெரிஞ்சது மிஸ்?" என்று கேட்கும்போது, மூச்சு எண்ணிக்கை, தோல் நிறம், பேச்சில் தடுமாற்றம் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐசியூவில் அஞ்சாம் படி, வகுப்பில் முதல் படி. ஓஸ்கி என்கிற செய்முறைத் தேர்வில் இன்னும் மோசம். ஒரே மாணவி, ஒரே டிரஸ்ஸிங், நானும் பக்கத்தில் இருந்தவரும் போட்ட மார்க் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. செக்லிஸ்ட்டை எப்படி எழுதினால் இரண்டு பேர் கண்ணுக்கும் ஒரே மாதிரி தெரியும் என்பதே தனிப் படிப்பு.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: கற்பித்தல் பயிற்சி உண்டா, நான் பாடம் எடுப்பதை யாராவது உட்கார்ந்து பார்த்துத் திருத்துவார்களா? பெயரில் நர்சிங் மாஸ்டர்ஸ் என்றிருக்கும், உள்ளே கற்பித்தல் பற்றி ஒரே ஒரு பாடம்தான் இருக்கும். முழு ஆய்வு வழியில் போனால் வகுப்பறைப் பக்கமே போகாமலும் பட்டம் வாங்கலாம். ஆய்வு என்றதும் ஞாபகம் வருகிறது, அரசு மருத்துவமனையில் தரவு எடுப்பதானால் என்எம்ஆர்ஆர் என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து எம்ரெக் என்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும், அதற்கான காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

படிப்பு, அங்கீகாரம் தரும் எம்கியூஏ அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஆன்லைனில் நீங்களே தேடுங்கள், மார்க்கெட்டிங் ஆள் சொல்வதை நம்ப வேண்டாம். டிகிரி இல்லாமல், அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்க்கும் ஏபெல் வழியாகச் சேரவும் சில படிப்புகளில் வாய்ப்பு இருக்கலாம். ஆனால் நாளைக்கு உங்களை வேலைக்கு எடுக்கப் போகும் கல்லூரி அதை ஏற்குமா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அப்புறம் ஏபிசியை, அதாவது வருடா வருடம் புதுப்பிக்கும் நர்ஸ் பணிச் சான்றிதழை, எக்காரணம் கொண்டும் காலாவதியாக விடாதீர்கள்.

காசு விஷயம். டியூட்டர் ஆனதும் ஷிஃப்ட் அலவன்ஸ், ஓவர்டைம் எல்லாம் போய்விடும், முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து நான் முழித்தேன். கட்டணத்துக்கு ஈபிஎஃப் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுக்கலாம், வருமான வரியில் சொந்தப் படிப்புக்கு வருடம் 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு, அரசு ஊழியர்கள் எச்எல்பி என்ற அரசு உதவித்தொகைக்கும் முயலலாம்.

தங்கச்சியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஆஃப் நாளில் எங்கள் லேபுக்கு வா, ஒரு மாணவியை பிராணுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போடவை, நீ ஊசியைத் தொடக் கூடாது, வாயால் மட்டும் சொல்லிக்கொடு என்றேன். சிரித்தாள். ராத்திரி வாட்சப்பில் வந்தது: "புதன் ஆஃப் கா. எத்தனை மணிக்கு வரணும்?"