ஒரே தூள், இரண்டு சந்தேகங்கள்: வேதி உயிரியல் ஆய்வாளர் உருவாகும் விதம்

ஆய்வகத்தில் புதிதாகத் தயாரித்த ஒரு வெள்ளைத் தூளைக் கரைத்து, புற்றுசெல்கள் வளரும் தட்டில் விடுகிறார்கள். இரண்டு நாளில் செல்கள் செத்துவிடுகின்றன. மருந்து கிடைத்துவிட்டதா?

வேதியியல் படித்தவர் முதலில் தூளைத்தான் சந்தேகிப்பார். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனை எடுத்தீர்களா, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் சரியான எடை வந்ததா என்று கேட்பார். தயாரிப்பின்போது துளி துத்தநாகம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்கூட, அந்த உலோகம் செய்த வேலையை மூலக்கூறு செய்ததாக நினைத்துவிடலாம். உயிரியல் படித்தவரின் சந்தேகம் தட்டின் மேல். வெறும் கரைப்பானை மட்டும் விட்ட தட்டில் என்ன ஆனது? செல்களில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா? சாதாரண செல்களும் இதே அளவில் சாகின்றனவா?

இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான். இந்த இரண்டு வகைச் சந்தேகமும் ஒரே ஆளுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான், வேதியியல் கருவிகளால் உயிரை ஆராயும் வேதி உயிரியலில் தனி முனைவர் பட்டப் பயிற்சிகளே இருக்கின்றன. இரண்டு துறைப் பாடங்களையும் படித்துத் தேர்வு எழுதினால் மட்டும் இது வந்துவிடாது. எதை ஆதாரம் என்று ஏற்பது என்பதில் ஒவ்வொரு துறைக்கும் தனிப் பழக்கம் உண்டு. அந்தத் துறைக்காரர்களோடு கூடவே வேலை செய்தால்தான் அந்தப் பழக்கம் ஒட்டும்.

2010-இல் வெளிவந்த ஜேக்யூ1 என்ற மூலக்கூறைப் பாருங்கள். பி.ஆர்.டி.4 போன்ற, மரபணுக்களை இயக்க உதவும் சில புரதங்களின் பள்ளத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. இடது கையும் வலது கையும் போல அதற்கு ஓர் ஆடிப்பிம்ப வடிவம் உண்டு. அணுக்கள் அதே அணுக்கள்தான், எடையும் ஒன்றுதான், ஆனால் அது அந்தப் பள்ளத்தில் பொருந்தாது. இரண்டையும் தனித்தனித் தட்டில் விட்டு, முதலாவது மட்டும் வேலை செய்தால், விளைவுக்குக் காரணம் அந்தப் புரதத்தில் போய் ஒட்டியதுதான் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். ஒப்பீடு வேண்டும் என்று கேட்பது உயிரியலாளர் புத்தி. அந்த ஒப்பீட்டு மூலக்கூறைச் செய்து கையில் தருவது வேதியியலாளர் வேலை.

சரி, இதை எப்படிக் கற்றுத்தருகிறார்கள்? அமெரிக்காவில் முதல் ஆண்டில் மாணவர் நேராக ஒரு நெறியாளரிடம் சேர்ந்துவிடுவதில்லை. இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள், சில மாதங்கள் என்று மாறி மாறி வேலை செய்கிறார். இதற்கு ரொட்டேஷன் என்று பெயர். வேதியியலிலிருந்து வந்தவரைச் செல் வளர்ப்புக்கும், உயிரியலிலிருந்து வந்தவரை மூலக்கூறு தயாரிப்புக்கும் அனுப்புவது நல்ல திட்டங்களின் அடையாளம். அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனம் 'வேதியியல்-உயிரியல் இடைமுகம்' என்ற பெயரிலேயே இத்தகைய பயிற்சிகளுக்குப் பணம் தருகிறது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகம், வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி, ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் மூன்றும் சேர்ந்து ஒரே முனைவர் பட்டத் திட்டத்தை நடத்துகின்றன. பாடத்திட்டத்தைவிட ரொட்டேஷன்தான் முக்கியம் என்பது என் கருத்து.

இப்படி இரண்டு பக்கமும் பழகியதால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்க வேதியியலாளர் கரோலின் பெர்டோசியின் வேலை அருமையான சாட்சி. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு நேரடியான மரபணு கிடையாது. அதனால் புரதத்தோடு ஒளிரும் புரதத்தைச் சேர்ப்பதுபோல இவற்றுக்கு அடையாளம் ஒட்ட முடியாது. அவர் சர்க்கரையில் அசைடு என்ற, மூன்று நைட்ரஜன் அணுக்கள் கொண்ட சிறு தொகுதியை வைத்துச் செல்லுக்குக் கொடுத்தார். செல் அதை வாங்கித் தன் சங்கிலியில் கோத்துக்கொண்டது. அப்புறம் அந்த அசைடோடு ஒளிரும் சாயத்தை இணைக்க வேண்டும். அசைடையும் கார்பன் முப்பிணைப்பையும் இணைக்க, வேதியியலாளர்கள் பேரி ஷார்ப்லெஸும் மோர்டன் மெல்டலும் தனித்தனியாக 2002-இல் கண்டுபிடித்த வினை வேகமானது, ஆனால் அதற்குச் செம்பு வேண்டும். செம்பு உயிருள்ள செல்லுக்கு நஞ்சு.

விடை ஒரு பழைய ஜெர்மன் கட்டுரையில் இருந்தது. கார்பன் முப்பிணைப்பு நேர்கோட்டில் இருக்க விரும்பும். அதை எட்டு அணு வளையத்துக்குள் வளைத்து அடைத்தால் இறுக்கம் தாங்காமல் அசைடோடு வெடிப்பதுபோல வினைபுரிகிறது என்று 1961-லேயே விட்டிக், கிரெப்ஸ் என்ற வேதியியலாளர்கள் எழுதியிருந்தார்கள். பெர்டோசி குழு 2004-இல் அதைச் செம்பு இல்லாமலே செல்களில் செய்து காட்டியது. 2022-இல் பெர்டோசி, ஷார்ப்லெஸ், மெல்டல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. செம்பு செல்லைக் கொல்லும் என்ற கவலையும், அந்த வளையம் பற்றிய அறிவும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் இது நடந்தது.

பயிற்சியில் சிரமமும் உண்டு. பல மாணவர்களுக்கு இரண்டு நெறியாளர்கள். ஒருவர் இன்னும் பத்து மூலக்கூறுகள் செய் என்பார், மற்றவர் இருக்கும் ஒன்றையே இன்னொரு செல் வகையில் சோதி என்பார். இரண்டையும் ஏற்றுக்கொண்டால் ஆய்வு இழுத்துக்கொண்டே போகும். அதனால் எந்த முடிவு வந்தால் இந்த மூலக்கூறைக் கைவிடுவது என்பதை இரண்டு நெறியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்து முதல் ஆண்டு முடிவதற்குள் எழுதி வாங்கிவிட வேண்டும்.