குள்ள வீரனுக்குப் புது உடம்பு

1980களில் வார்த்த போர் விளையாட்டு மினியேச்சர் ஒன்றை, அதாவது மேசைமேல் நிறுத்தி விளையாடும் குட்டி உலோக வீரனைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கோடாரி, கை, கேடயம் எல்லாம் ஒரே தளத்தில் விரிந்து கிடக்கும். செதுக்கியவருக்குக் கை வராமல் இல்லை; அச்சு அப்படிக் கேட்டது. மூல உருவத்தை இரண்டு வட்ட ரப்பர் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்குவார்கள். ரப்பர் கெட்டியாகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அச்சைச் சுழலவிட்டு, உருக்கிய ஈய, வெள்ளீயக் கலவையை நடுவில் ஊற்றுவார்கள். சுழற்சி அதை மூலைமுடுக்கெல்லாம் தள்ளும். ஆறியதும் தட்டுகளைப் பிரிக்க வேண்டுமே! நெஞ்சுக்குக் குறுக்கே கை நீட்டியிருந்தால் ரப்பர் அதில் மாட்டிச் சீக்கிரம் கிழியும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் அப்படியொரு குள்ள வீரனை மறுபடி செதுக்குகிறார். தட்டைக் கை வேண்டாம், தூரத்திலிருந்தே தெரியும் அந்தத் தாடியும் கொம்புத் தொப்பியும் வேண்டும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குதான். புதிதாக்குகிறேன் என்று உடம்பெல்லாம் பட்டையும் கொக்கியும் மாட்டிவிடுபவர்கள்தான் அதிகம்.

கம்பியால் எலும்புக்கூடு, அதன்மேல் எப்பாக்சி புட்டி, பிசைந்து வைத்தால் தானே இறுகும் களிம்பு. நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுக்கும் பொருள். கோடு தெரியாமல் பச்சையாகும்வரை பிசைய வேண்டும். அதற்குள் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற அந்த வேலை வேகமெடுக்கும். கோலாலம்பூர் மதியத்தில் நிதானமாகச் செதுக்க நேரம் கிடைக்காது. பிசையாத புட்டிகூட அவர் வீட்டில் ஐஸ்பெட்டியில், மீனுக்குப் பக்கத்தில்.

முகம்தான் கஷ்டம். இந்த வகையில் மனித உருவங்களுக்குப் பாதத்திலிருந்து கண்வரை சுமார் 28 மில்லிமீட்டர். 42.7 மீட்டர் பத்துமலை முருகன் சிலையை இதே விகிதத்தில் சுருக்கினால் முக்கால் மீட்டர்கூட வராது. கீழே நிற்கும் பக்தரின் கண் அரை மில்லிமீட்டர். அது யார் கண்ணுக்குத் தெரியும்? அதனால் தலையும் கையும் வேண்டுமென்றே பெரிதாக்கப்படும். முதலில் இரண்டு கண்மணி உருண்டைகளை வைத்து, இறுகவிட்டு, மறுநாள் இமையை நூலாக உருட்டி ஒட்டுகிறார். ஒரே நாளில் செய்தால் இமையை அழுத்தும்போது கண் நசுங்கும். கத்தி நுனியை அடிக்கடி தண்ணீரில் தொட்டுக்கொள்வார், ஒட்டாமலிருக்க.

கோடாரிக் கையைத் தனியாக வார்த்து ஒட்டுவதால் அச்சுத் தொல்லை தீர்ந்தது. மிச்சம் உயரம். பழைய படையோடு நிற்க வேண்டுமே! உலோகம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால், மூல உருவத்தை மயிரிழை பெரிதாக வைத்திருக்கிறார்.