அரை அங்குலம் எங்கே போனது?

சிறு துணிகளை இணைத்துக் கோலம் அமைக்கும் ஒட்டுத்துணி வேலைக்காக, இரண்டு அங்குல அகலத்தில் ஒன்பது துணிப்பட்டிகளை வெட்டி, வரிசையாக இணைத்துத் தைத்தேன். கணக்கு எளிது. ஒன்பது பட்டியும் சேர்ந்து 18 அங்குலம். நடுவில் எட்டுத் தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணியிலிருந்தும் கால் கால் அங்குலம் உள்ளே மடங்கும், ஆக அரை அங்குலம். எட்டு அரை நாலு. 18-இல் 4 போனால் 14 வர வேண்டும். இஸ்திரி போட்டு டேப்பை வைத்தால் பதின்மூன்றரைதான் இருந்தது. பட்டிகளின் அகலத்தில் பிழை இல்லை. தையலும் பார்வைக்கு நேராகவே ஓடியிருந்தது.

காணாமல்போன அரை அங்குலம் எட்டுத் தையலுக்குள்ளும் சமமாக ஒளிந்திருந்தது. கால் அங்குலத்தில் ஓட வேண்டிய தையல் 0.8 மில்லிமீட்டர் மட்டும் உள்ளே தள்ளி ஓடியிருந்தது. அங்குலத்தில் எட்டில் ஒன்றை ஒரு நூல் என்னும் தச்சர்கள் கணக்கில் இது கால் நூல். ஒரு தையலில் இதை யாராலும் பார்க்க முடியாது. ஆனால் தையல் இரண்டு துணியையும் தின்கிறது, அதனால் இழப்பு இரண்டு மடங்கு. அதுவும் எட்டு முறை. பிழை ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் என்று போனால் ஒன்றை ஒன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஒரே திசையில் போகும் பிழைதான் ஆபத்தானது. அது எவ்வளவு சின்னதானாலும் வட்டி போலச் சேரும்.

ஒட்டுத்துணி வேலையில் பட்டிமுறையை மிக அழகாக வளர்த்தவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், எவர்கிளேட்ஸ் சதுப்புநிலப் பகுதியில் வாழும் செமினோல், மிக்கசூக்கி பழங்குடிப் பெண்கள். கையால் சுற்றும் தையல் இயந்திரம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களிடம் வந்து சேர்ந்தது. 1920 வாக்கில், நீண்ட பட்டிகளை இணைத்து, அந்தத் தொகுதியைக் குறுக்கே துண்டு போட்டு, துண்டுகளை ஒரு படி நகர்த்தி மறுபடி தைத்து, மழை, மின்னல், நெருப்பு என்று பெயர் கொண்ட கோலங்களைச் சட்டையிலும் பாவாடையிலும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒவ்வொரு சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தால் அந்த நுணுக்கம் சாத்தியமே இல்லை.

பட்டிமுறையை நாடுவதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. 42 அங்குல நீளமுள்ள ஒரு பட்டித்தொகுதியை இரண்டரை அங்குலமாகக் குறுக்கே வெட்டினால் 16 துண்டு கிடைக்கும். அத்தனையும் ஒரே தையலில் பிறந்தவை, அதனால் ஒன்றோடு ஒன்று பொருந்தும். ஆனால் தாய்ப்பட்டி கோணினால் 16 பிள்ளைகளும் கோணல்தான்.

அதனால் வெட்டுவதில் கவனம் வேண்டும். கத்தரிக்கோலின் கீழ்வாய் துணிக்கு அடியில் நுழையும்போது துணி மேசையிலிருந்து எழும்புகிறது. எழும்பிய துணி நகரும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த சுழலும் வட்டக்கத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. துணி மேசையிலேயே படுத்திருக்க, அளவுகோலை ஒட்டி கத்தி உருண்டு போகும். நான்கு மடிப்பைக்கூட ஒரே இழுப்பில் வெட்டலாம். ஆனால் மடிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. 44 அங்குலத் துணியை இரண்டாக மடித்து, மடிப்புக்குச் செங்குத்தாக வெட்ட வேண்டும். அளவுகோல் ஒரே ஒரு பாகை சாய்ந்தால் போதும். விரித்துப் பார்த்தால் பட்டி நடுவில் முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். இரண்டு முனையும் நடுவின் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் விலகி நிற்கும்.

துணி மரப்பலகை அல்ல என்பதையும் இங்கே மறக்கக் கூடாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், அதனால் அந்தத் திசையில் துணி குறைவாகவே நீளும். குறுக்கே ஓடும் ஊடை நூல் பாவின்மேலும் கீழுமாக நெளிந்து போவதால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் கதையே வேறு. கொசுவலையை எடுத்துப் பாருங்கள். நேராக இழுத்தால் நிற்கும், குறுக்குச் சாய்வாக இழுத்தால் சதுரக் கண்கள் சாய்சதுரமாகி வலை நீண்டுகொண்டே போகும். நூல் எதுவும் நீளவில்லை, கோணம் மட்டுமே மாறுகிறது. பட்டித்தொகுதியை 45 பாகையில் சாய்த்து வெட்டும்போது ஓரமெல்லாம் இப்படிப்பட்ட சாய்வுதான். அதற்கு நம் பாட்டிமார் அறிந்த வைத்தியமே போதும். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிட்டால், நூல்கள் சந்திக்கும் இடங்கள் ஒட்டிக்கொண்டு கோணம் எளிதில் மாறாது.

இனி தையல். சரியாகக் கால் அங்குலத்தில் தைத்தாலும் கட்டம் சற்றுச் சிறுத்தே வரும். தையலை ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடும்போது துணி தன் தடிமனையே சுற்றி வளைய வேண்டியிருக்கிறது. அந்த வளைவுக்கும் கொஞ்சம் துணி செலவாகும். அதனால் ஓரத்துக்கு ஓரிரு இழை நெருக்கமாகத் தைப்பார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அங்குலப் பட்டி மூன்றைத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டி மிகச் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலை ஓரத்துக்கு நகர்த்துங்கள். சரியாக வந்ததும் இயந்திரத் தகட்டில் அந்த இடத்தில் அட்டைத்துண்டு ஒன்றை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். துணி அதை உரசிக்கொண்டே போகட்டும். நானும் அப்படி ஒட்டிய பிறகு, அந்த ஒன்பது பட்டிகளைப் பிரித்து மறுபடி தைத்தேன். 14 வந்தது.

தைக்கும் திசையும் முக்கியம். இயந்திரத்தின் அடியில் உள்ள பற்கள் கீழ்த்துணியைப் பிடித்துத் தள்ளுகின்றன. மேல்துணியை ஊசிக்கு அருகிலுள்ள உலோகப் பாதம் அழுத்தி, அதன் ஓட்டத்தைத் தடுக்கிறது. அதனால் நீளத் தையலில் மேல்துணி கடைசியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். ரவிக்கை தைப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. எல்லாப் பட்டியையும் ஒரே முனையிலிருந்து தைத்தால் தொகுதி முழுவதும் வில்லாக வளையும். ஒன்றை இந்த முனையிலிருந்தும் அடுத்ததை எதிர் முனையிலிருந்தும் தைத்தால் வளைவு வளைவை அடித்துவிடும். தையலின் ஒவ்வொரு குத்தையும் 2 மில்லிமீட்டர் நீளத்துக்கு நெருக்கமாகவும் வையுங்கள், ஏனென்றால் குறுக்கே வெட்டும்போது ஒவ்வொரு தையலும் அறுபடப்போகிறது.

இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் வைத்து எடுக்க வேண்டும். சூடும் ஈரமும் பருத்தியின் செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகின்றன, ஆறும்போது அவை புது வடிவத்தில் மறுபடி பிணைகின்றன. சூட்டோடு இழுத்தால் அந்தக் கோணலே நிலைத்துவிடும். ஆறும்வரை மேசையிலேயே கிடக்கட்டும்.

குறுக்கே வெட்டும்போது அளவுகோலின் கோட்டைத் துணியின் ஓரத்தில் வைக்காதீர்கள், நடுவிலுள்ள தையலின்மேல் வையுங்கள். நாலைந்து துண்டுக்கு ஒரு முறை ஓரத்தைச் செதுக்கி நேராக்குங்கள். அப்புறம் ஒரு வரிசையின் தையல்களை இடப்பக்கமும் அடுத்த வரிசையினுடையதை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டிருந்தால், இரண்டையும் முகத்தோடு முகம் வைக்கும்போது தையல் மேடுகள் எதிரெதிரே வந்து முட்டி நிற்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த இடத்தைப் பிடித்து லேசாக நகர்த்திப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுந்த மாதிரி ஒரு இடத்தில் நிற்கும். அங்கே ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தைக்கலாம்.