அறிவு மேலாண்மை: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்’ எனப்படுவதைத் தமிழ்நாட்டில் ‘அறிவு மேலாண்மை’ என்றும் இலங்கையில் ‘அறிவு முகாமைத்துவம்’ என்றும் வழங்குகிறோம். ஒரு நிறுவனத்தார் தம் அன்றாடப் பணிகளின் ஊடாக ஈட்டிய அறிவை இனங்கண்டு, பேணி, அதே பணியை நாளை செய்யப்போகிறவருக்கு உரிய வேளையில் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு இது. எண்களும் பதிவுகளும் தரவு. அவற்றைப் பொருள்பட அடுக்கினால் தகவல். அத்தகவலைக் கொண்டு இன்னது செய்யலாம் என்று முடிவெடுக்கும் திறனே இங்கு அறிவு.

‘அறிவு’ என்பது ‘அறி’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த பழஞ்சொல். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பகுக்கும் தொல்காப்பிய மரபியலில் அது புலனுணர்வையும் மனவுணர்வையும் குறிக்கிறது. ‘மேனேஜ்’ என்பதற்கு மூலமான இத்தாலியச் சொல் குதிரையைப் பழக்கிக் கையாளுதலைக் குறித்தது. அதன் வேர் கையைக் குறிக்கும் இலத்தீனச் சொல். ஆகவே, மூலப்பொருளுக்கு நெருக்கமான தமிழ்ச்சொல் ‘கையாளுகை’தான். ‘ஆள்’ என்னும் வினையடியைக் கொண்ட ‘மேலாண்மை’யில் மேலிருந்து ஆளும் சாயல் இருக்கிறது. ஆயினும் நீர் மேலாண்மை, பேரிடர் மேலாண்மை என அது வேரூன்றிவிட்டதால் மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இந்த ஆளும் சாயல் இடறும் இடம் ஒன்று உண்டு. சொல்லக்கூடியதைவிட மிகுதியாக நாம் அறிந்திருக்கிறோம் என்று 1966இல் எழுதிய மெய்யியலாளர் மைக்கேல் பொலானி, சொல்லில் அடங்காத அறிவைத் தனியே பிரித்துக் காட்டினார். அத்தகைய அறிவை மேலிருந்து ஆணையிட்டுப் பெற முடியாது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுப்பு இயந்திரப் பழுதுபார்ப்போரை 1980களில் உடனிருந்து ஆராய்ந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் தங்களுக்குள் கதையாகப் பேசியே தீர்த்துக்கொண்டதைக் கண்டார். எந்த இயந்திரம் எந்த நிலையில் எப்படி அடம்பிடித்தது என்பது சாப்பாட்டு வேளைப் பேச்சில் கைமாறியது. மேலாளர் கண்ணுக்கு அது வெட்டிப்பேச்சாகப் பட்டிருக்கும். பின்னர் அந்நிறுவனம் ‘யுரேகா’ என்ற குறிப்புத் தொகுப்பை உருவாக்கியபோது, குறிப்புகளைப் பழுதுபார்ப்போரே எழுதினர். சக தொழிலாளர் சரிபார்த்த பிறகு, எழுதியவர் பெயருடன் அவை வெளியாயின.

பொலானி சுட்டிய இவ்வகை அறிவை ‘உள்ளுறை அறிவு’, ‘மறை அறிவு’ என்றெல்லாம் பெயர்க்கிறார்கள். ‘மறை’ என்றால் யாரோ வேண்டுமென்றே ஒளித்துவைத்ததுபோல் தொனிக்கிறது. படிப்பறிவு, பட்டறிவு என்னும் இணை நம் பேச்சிலேயே இருக்கிறது. கையேட்டிலும் நடைமுறைக் குறிப்பிலும் ஏறியது முன்னது, பட்டுத் தெரிந்துகொண்டது பின்னது. பட்டறிவிலும் ஒரு பகுதியை எழுதிவைக்க முடியும் என்பதால் இவ்விணை முழுப் பொருத்தம் அன்று. ஆனாலும் பணியிடத்தில் எவரும் விளக்கமின்றிப் புரிந்துகொள்வர்.

நிறுவனங்களின் தர மேலாண்மைக்கெனப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு வகுத்த ஐஎஸ்ஓ 9001 தரநிலை, 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘நிறுவன அறிவு’ என்ற தனிப்பிரிவைச் சேர்த்தது. செயல்முறைகள் நடைபெறத் தேவையான அறிவு எதுவென நிறுவனமே தீர்மானித்து, அதைப் பேணி, வேண்டிய அளவு கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. அந்த அறிவு பொதுவாக அனுபவத்தால் வருவது என்று அதன் குறிப்பு கூறுகிறது.