மானிட்டர் அடாப்டர் வாங்கும் முன் போர்ட்டைப் பாருங்கள்

"அண்ணா, புது அடாப்டர் மாட்டியும் மானிட்டர்ல 'நோ சிக்னல்'னுதான் வருது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்க மாட்டேங்குறார்." லேப்டாப்போடு தனி மானிட்டரை இணைக்க அடாப்டர் வாங்கியவர்களிடமிருந்து, வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் என்னிடம் இப்போது அடிக்கடி வரும் புகார் இதுதான். ராயபுரத்து கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்காரர்கள், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்ப்பவர்கள், பெரம்பூரில் வீட்டிலிருந்தே ஐடி வேலை செய்யும் பிள்ளைகள் என்று எல்லோரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அடாப்டரில் பழுது இருக்காது. அவர்கள் லேப்டாப்புக்கு ஒத்துவராத வகையை வாங்கியிருப்பார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா அடாப்டரும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே வேலை செய்யும் விதம் வேறு. ஒரு வகை, லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் அனுப்பும் படத்தை டைப்-சி (சிறிய நீள்வட்ட யுஎஸ்பி போர்ட்) வழியாக வாங்கி, மானிட்டர் கேபிள் மாட்டும் எச்டிஎம்ஐ-க்கு மாற்றித் தருகிறது. விலை குறைவு, டிரைவர் என்ற தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. ஆனால் அந்த டைப்-சி போர்ட்டில் படம் வெளியே வரும் வசதி இருந்தால்தான் இது வேலை செய்யும். அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். விலை குறைந்த பல லேப்டாப்களில் டைப்-சி இருந்தும் இந்த வசதி இருப்பதில்லை. டேட்டா போகும், சில மாடல்களில் சார்ஜும் ஏறும், அவ்வளவுதான். போர்ட் பக்கத்தில் தண்டர்போல்ட்டைக் காட்டும் மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட்டைக் காட்டும் டிபி என்ற குறியோ இருந்தால் நல்லது. குறி இல்லாவிட்டால், லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

வசதி இல்லையா? அப்போது இன்னொரு வகை இருக்கிறது, டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர். லேப்டாப்பில் போடும் டிரைவர் திரையின் படத்தைச் சுருக்கி, சாதாரண டேட்டாவாக யுஎஸ்பி வழியே அனுப்பும். அடாப்டரில் உள்ள சிப் அதை மறுபடி படமாக்கும். பழைய செவ்வக யுஎஸ்பி போர்ட்டிலும் இது ஓடும். ஆனால் யுஎஸ்பி 3.0 போர்ட்டில்தான் மாட்ட வேண்டும். பல லேப்டாப்களில் அதன் உள்பக்கம் நீல நிறமாக இருக்கும். யுஎஸ்பி 2.0-வின் வேகம் 480 எம்பிபிஎஸ், 3.0-வின் வேகம் 5 ஜிபிபிஎஸ், அதாவது பத்து மடங்குக்குச் சற்று மேல். இந்த வித்தியாசம் மவுஸை நகர்த்தும்போதே தெரிந்துவிடும். டேலி, எக்செல், ஜிஎஸ்டி தளம் போன்றவற்றுக்கு இந்த வகை தாராளமாகப் போதும். படத்தைச் சுருக்கும் வேலை பிராசசர் மீது விழுவதால் கேம், வீடியோ எடிட்டிங்குக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

ஐடி பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் பெரும்பாலும் நீங்களாக டிரைவர் போட முடியாது. உங்கள் ஐடி டீமிடம் முதலில் கேளுங்கள், அவர்கள் சம்மதித்த பிறகு பணத்தை எடுங்கள்.

மேக்புக் ஏர் எம்1, எம்2 வைத்திருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். அவை நேரடியாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் தாங்கும். ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் ஹப்பை எத்தனை எச்டிஎம்ஐ ஓட்டையோடு வாங்கினாலும் இது மாறாது. இரண்டாவது மானிட்டருக்கு டிஸ்ப்ளேலிங்க் போல டிரைவரோடு ஓடும் வகைதான் வழி. அதற்கு மேக் செட்டிங்ஸில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதியும் கொடுக்க வேண்டும்.

அப்புறம், எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர். ஒரே படத்தை இரண்டு மானிட்டரில் காட்டுவதுதான் அதன் வேலை. ஒன்றில் பில், இன்னொன்றில் ஸ்டாக் என்று தனித்தனியாகப் பார்க்க அது உதவாது. பழைய விஜிஏ (திருகு போட்டு மாட்டும் பிளக்) மானிட்டர் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். திசை மாறினால் அது வேலை செய்யாது.

ரிச்சி தெருவுக்குப் போனாலும் பர்மா பஜாருக்குப் போனாலும் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே மானிட்டரில் மாட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் என்றால் விண்டோஸ் கீயோடு பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுங்கள். லேப்டாப் திரையிலிருந்து ஒரு விண்டோவை இழுத்து மானிட்டருக்குக் கொண்டு போக முடிகிறதா என்று பார்த்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.