பழைய டேபிள் சா: மேலே மினுக்குகிறது, அடியில் என்ன?

மேசையின் நடுவே சுழலும் வட்ட பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம்தான் டேபிள் சா. பழைய டேபிள் சா ஒன்று பார்த்திருக்கிறேன், வாங்கலாமா என்று கேட்டு வரும் படங்களில் பெரும்பாலும் மேல்தளம்தான் இருக்கும். துருவைத் தேய்த்து, மெழுகு பூசி, கண்ணாடி மாதிரி மினுக்கியிருப்பார்கள். அமெரிக்காவில் இந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. நான் முதலில் கேட்பது, பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஸ்ப்ளிட்டரும் பிளேடை மூடும் கார்டும் இருக்கிறதா என்றுதான்.

அநேகமாக இருக்காது. வேலைக்கு இடைஞ்சல் என்று யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள், வீடு மாறியதில் அது தொலைந்திருக்கும். அறுபட்ட மரத்தின் இரு பாதிகளும் ஒட்டிக்கொண்டு பிளேடின் பின்பக்கப் பற்களைக் கவ்வாமல் தடுப்பது ஸ்ப்ளிட்டர் என்ற அந்தச் சின்னத் தகடுதான். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல் நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். கவ்விய மரம் நம்மை நோக்கி எகிறும், சில சமயம் கையையும் பிளேடு பக்கம் இழுத்துவிடும். அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா காயத்தோடு சிகிச்சைக்குப் போகிறார்கள்.

இதே வேலையைச் செய்யும், ஆனால் பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு, 2008 முதல் புதிதாக வடிவமைக்கப்பட்ட மாடல்களோடுதான் அங்கே பரவலானது. பழையவற்றில் அதைப் பொருத்துவது லேசில்லை. அதனால் தனியாகக் கிடைக்கும் ஸ்ப்ளிட்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அப்புறம் பேரம் பேசுங்கள்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, பிளேடு மாட்டும் ஆர்பர் தண்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கலாம். பரவாயில்லை, மாற்றிவிடலாம். எனக்குப் பயம் டிரன்னியனில்தான். பிளேடு சாய்வதற்காகத் தளத்தின் அடியில் இருக்கும் வளைவான வார்ப்பிரும்புத் துண்டு அது. டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிற இரும்பில் பித்தளை நிறக் கோடு ஓடினால், உடைந்ததை யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். அப்படியானதை நான் வாங்க மாட்டேன்.

1939-இல் வந்த டெல்டா யுனிசா போன்றவை இன்னும் கம்பீரமாக ஓடுகின்றன. ஆனால் பள்ளிக்கூட, தொழிற்சாலை ஏலங்களில் வருபவற்றில் பலவும் த்ரீ பேஸ் மோட்டார். வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ். த்ரீ பேஸ் மோட்டாரை சிங்கிள் பேஸில் ஓட்ட உதவும் விஎஃப்டி என்ற கருவியை வாங்கும் செலவில் “சல்லிசாகக் கிடைத்தது” என்ற பெருமை பாதி கரைந்துவிடும். சாதாரண டாகிள் சுவிட்ச் இருந்தால் மேக்னெடிக் சுவிட்சாக மாற்றிவிடுங்கள்; போன கரண்ட் திரும்பும்போது இயந்திரம் தானாக ஓட ஆரம்பிக்கக் கூடாது. 1978-க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிப்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். எது இல்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வாங்க வருபவர் எதிரில் ஓட்டிக் காட்டுங்கள். ஏற்றும்போது மோட்டாரைக் கழற்றித் தனியாக வையுங்கள். மேல்தளத்தின் இரு பக்கமும் நீளும் இறக்கைகளைப் பிடித்துத் தூக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், அவற்றைத் தாங்குவது நாலைந்து போல்ட்தான்.