சந்தேகிக்கும் மூளைக்குச் சான்று வேண்டும்

இலங்கையின் தேயிலை மலையகத்தில், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். விடை நன்றாகத் தெரிந்த மாணவி ஒருத்தி கையை உயர்த்தாமல் உட்கார்ந்திருப்பாள். "தன்னம்பிக்கை வேண்டும், பிள்ளை" என்பார் ஆசிரியர். அப்போதும் கை உயராது. "இது என்னால் முடியுமா?" என்று அவளுடைய மூளை ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு முடித்திருக்கிறது. அறிவுரை அந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

இந்தக் கணக்கை விரிவாக ஆராய்ந்தவர் உளவியலாளர் அல்பர்ட் பந்துரா. 1977இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, மூளை நான்கு இடங்களிலிருந்து சான்று திரட்டுகிறது: நாமே செய்து முடித்தவை, நம்மைப் போன்றவர்கள் செய்யக் கண்டவை, பிறர் சொல்லும் ஊக்கச் சொற்கள், அந்த நேரத்தில் உடல் காட்டும் அறிகுறிகள். முதலாவதுக்குத்தான் வலிமை அதிகம். நாம் வாரி வழங்குவதோ மூன்றாவதை.

பாம்பென்றால் நடுங்குபவர்களை வைத்து பந்துராவும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை 1969இல் வெளியானது. உதவியாளர் பாம்பைக் கையாள்வதைப் பயந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். பிறகு கையுறையோடு தொட்டார்கள், அடுத்து வெறுங்கையால். கடைசியில் உதவியாளர் விலகிக்கொண்டார். பிறர் பாம்பைக் கையாளும் திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களைவிட, இப்படிப் படிப்படியாகத் தாமே தொட்டவர்களிடம்தான் பயம் அதிகம் குறைந்தது. தேயிலை மலையில் புதிதாகக் கொழுந்து எடுக்க வரும் பெண்ணும் இந்த வழியில்தான் தேறுகிறாள். பக்கத்து நிரையில் நிற்கும் அக்காவின் விரல்களைப் பார்க்கிறாள், தானும் கிள்ளுகிறாள். மாலையில் நிறுக்கும்போது தன் கொழுந்தின் எடை கூடுவதைக் கண்ணால் காண்கிறாள். அவளுக்கு வேறு ஊக்கவுரை தேவைப்படுவதில்லை.

இரண்டாவது சான்று மலையகத்துக்கு மிக முக்கியமானது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் கையில், பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோயின. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், தன்னைப் போன்ற ஒருவர் பல்கலைக்கழகம் போனதைப் பார்த்திராத பிள்ளை, "எனக்கு அது சரிவராது" என்று முடிவு செய்தால் அதைக் கோழைத்தனம் என்பது அநியாயம். கிடைத்த சான்றை வைத்து அந்த மூளை நேர்மையாகவே கணித்திருக்கிறது. அதே லயத்திலிருந்து ஒரு அண்ணன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் கணிப்பு மாறத் தொடங்கும். அவர் விடுமுறையில் வந்து, முதல் தடவை உயர்தரப் பரீட்சையில் சறுக்கியதையும் மறுபடி எழுதியதையும் சொன்னால் இன்னும் நல்லது. எட்டாத உயரத்தில் நிற்பவரைவிடத் தடுமாறி எழுந்தவரே நெருக்கமான சான்று.

நான்காவது, உடல். மேடையேறும் முன் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சந்தேகம் உள்ளவர் இதைத் "தோற்கப்போகிறேன்" என்று வாசிக்கிறார். உற்சாகத்திலும் இதே படபடப்புத்தான் வருகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பேசுவதற்கு முன் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். படபடப்பை அடக்கப் போராட வேண்டியதில்லை என்பது எத்தனை பெரிய ஆறுதல்!

பலரை மனமுடையச் செய்யும் ஒன்று இன்னும் இருக்கிறது. ஊர்ப் பாடசாலையில் கணீரென்று பேசிய மாணவி, பேராதனை விரிவுரை மண்டபத்தில் வாயடைத்துப் போகிறாள். "என் தைரியம் பொய்தானா?" என்று கலங்குகிறாள். பொய் இல்லை. பயம் குறையும்போது மூளையிலுள்ள பழைய பயப் பதிவு பெரும்பாலும் அழிவதில்லை. "இங்கே ஆபத்தில்லை" என்ற புதிய பதிவு அதன்மேல் எழுந்து அதை அடக்குகிறது. அந்தப் புதிய பதிவு கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு கூண்டில் பயம் தெளிந்த எலி, வேறு கூண்டில் மறுபடி உறைந்து நிற்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே பயிற்சியை ஒரே அறையில் முடித்துவிடக் கூடாது. வகுப்பில் பேசிய பிள்ளையைக் கோயில் திருவிழா மேடையிலும், பக்கத்து ஊர்ப் பாடசாலையிலும், சிங்கள நண்பர்கள் இருக்கும் கூட்டத்திலும் இரண்டு நிமிடமாவது பேச வைக்க வேண்டும். புதிய இடத்துக்கு வந்த மாணவி முதல் வாரத்திலேயே ஒரு சிறிய கேள்வியையாவது கேட்டுவிடுவது நல்லது. ஒதுங்கியிருந்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் தன் கணிப்பு தவறு என்று கண்டுகொள்ளும் வாய்ப்பு மூளைக்குக் கிடைக்காது.